சளிதான்

எங்கள் வீட்டில் யார் இருமினாலும் ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அப்பாவுடையதை இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது, தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கச் சாக்பீஸ் தூளை விழுங்கிய மனிதர், வகுப்புக்குள் நுழையும் முன் செருமுகிற பழக்கத்தை வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டார். அம்மாவுக்குக் கார்த்திகை பிறந்ததும் தடுமன் பிடிக்கும். அடுக்கடுக்காகத் தும்முவாள், ஒவ்வொரு தும்மலுக்கும் ஏசுவைக் கூப்பிடுவாள். எனக்கு வறட்டு இருமல், படுத்தால் வரும், எழுந்து உட்கார்ந்தால் போய்விடும். தங்கைக்கு மட்டும் இருமல் ஒரு பொருட்டே இல்லை. அது முடிந்த பிறகு வருகிற சத்தம்தான் அவளுடையது. மூச்சை வெளியே விடும்போது, வாய் சரியாக மூடாத குக்கர் மாதிரி நெஞ்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்கும்.

திண்டுக்கல்லில் குளிர் என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழியில் சிறுமலைப் பக்கமிருந்து இறங்குகிற பனி, பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் எங்கள் தெருவை விட்டுப் போகாது. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றமும் பஸ் புகையும் அந்தப் பனிக்கு அடியிலேயே தங்கிவிடும். கோயிலில் குடில் கட்ட ஆரம்பிக்கும்போது எங்கள் வீட்டில் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். ஒருவருக்கு வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வரும். முகம் துடைக்க ஒரே துண்டு, குடிக்க ஒரே டம்ளர், பிறகு வராமல் என்ன செய்யும். கிறிஸ்துமஸ் என்றாலே இன்றைக்கும் எனக்கு நொச்சி இலை ஆவியின் வாசனைதான் முதலில் வருகிறது, கேக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அம்மாவை டாக்டருக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும் என்று அப்பா கேலி செய்வார். கேலிதான், ஆனால் பொய்யில்லை. மூக்கில் தண்ணீராக ஒழுகினால் அவள் மிளகு ரசத்தோடு விட்டுவிடுவாள். தலை கனத்தால் நெற்றியில் சுக்குப் பற்று. காய்ச்சலோடு கை கால் முறுக்கி வலித்தால் அது ஊரில் சுற்றுகிற காய்ச்சல், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கிடக்க வேண்டியதுதான், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அது போகிறபோதுதான் போகும் என்பாள். இருமி இருமி வாந்தி எடுத்தால் கக்குவான். விலா உள்ளே இழுத்தாலோ மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினாலோ அந்த நிமிஷமே செருப்பைத் தேடுவாள், டாக்டர் வீட்டுக்குக் கிளம்ப.

இதற்கெல்லாம் மேலே அவளிடம் இன்னொரு சோதனை இருந்தது. உடம்பு சரியில்லாத பிள்ளையை முன்னால் உட்கார வைத்து மங்கள வார்த்தை ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்வாள். தினமும் ஜெபமாலையில் உருப்போடுகிற ஜெபம்தானே, எங்களுக்கு அது தூக்கத்திலும் வரும். பாதி ஜெபம் ஒரே மூச்சில் வந்தால் ஒன்றுமில்லை, போய்ப் படி என்பாள். நடுவில் மூச்சு ஒடிந்தால் ஆவி பிடிக்க வெந்நீர் வைப்பாள். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் ஒடிந்தால் முகம் மாறும். மாதாவுக்குச் சொல்லும் ஜெபத்தை ஸ்டெதஸ்கோப் மாதிரிப் பயன்படுத்திய ஒரே பெண்மணி எங்கள் பங்குக் கோயில் கூட்டத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

தங்கை என்னைவிட நன்றாக இளையவள். நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அவள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அந்த மார்கழியில் ஒரு நாள் காலை, மங்கள வார்த்தையில் முதல் வரியைத் தாண்ட முடியாமல் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுவிட்டாள். குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். முகத்தில் ஒரு மூடியை வைத்து மருந்தை ஆவியாக விட்டார்கள். செத்த நேரத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் பொறுமையான மனிதர். “இது சளி இல்லம்மா, இழுப்பு. ஆஸ்துமான்னு சொல்றது. மூச்சுக்குழல் சுருங்கிக்குது. பயப்பட ஒண்ணுமில்ல. இந்தப் பம்பை வாயில வச்சு ஒழுங்கா அடிச்சா எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடலாம், ஆடலாம். நிப்பாட்டாம இருக்கணும், அம்புட்டுதான்,” என்றார்.

அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறியதும் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியது இல்லை.

“வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தது நம்ம பங்கு டீச்சர்தான? டாக்டர் சொன்னது அவுக காதுல விழுந்திருக்குமோ?”

“விழுந்தா என்னம்மா?”

“என்னவா? உனக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம். இழுப்பு இருக்குற வீடுன்னு ஒருக்கா பேரு வந்துருச்சுன்னா ஒங்க ரெண்டு பேரையும் வீட்லயே வச்சுக் கும்பிட வேண்டியதுதான்.”

அன்றைக்கு அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டு வெளியேறியது. அப்பாகூட அதைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் சின்னவளுக்குச் சளி. பள்ளிக்கூடத்து லீவு லெட்டரில் சளி. உறவுக்காரர்களிடம் சளி. முதலில் என் கல்யாணத்துக்காகச் சளி, என் கல்யாணம் முடிந்ததும் அவள் கல்யாணத்துக்காகச் சளி. ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மார்கழி மாதம் கோயிலில் பூசை பார்க்கிற கூட்டத்தில் எத்தனை நெஞ்சு விசிலடிக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் தெரியும். எல்லோரும் சளிதான் என்பார்கள்.

பம்பு வாங்காமல் இல்லை. அதில் அம்மா கெட்டிக்காரி. தையல் டப்பாவில் பொத்தான்களுக்கு அடியில் ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் டாக்டர் சொன்னபடி தினமும் அடிக்க விடமாட்டாள். அடித்தால் அதற்கே பழகிப்போகும், கல்யாணத்துக்குப் பிறகு விடமுடியாது என்பாள். மூச்சு முட்டும்போது மட்டும் அடிக்க வேண்டும், அதுவும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு. தண்ணீர் சத்தத்தில் வெளியே கேட்காது. ஆட்கள் வந்திருக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். ஜன்னலோரமாக உட்காரணும். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்ளணும், இருமல் அடங்கும். வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, சிரித்தால் இருமல் வரும், இருமினால் மற்றதும் வரும். நீளமாகப் பேசக் கூடாது. யாராவது நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டு என்ன என்று கேட்டால் சொல்ல ஒரே ஒரு வார்த்தை.

தங்கை இயல்பில் கெக்கேபிக்கே என்று சிரிக்கிற பெண். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகியதை அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிலக்கோட்டைப் பக்கமிருந்து வரன் வந்தது. மல்லிகைத் தோட்டம், சொந்தக் கிணறு, மாப்பிள்ளை காலையில் பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். அவருக்கு அப்பா இல்லை. அம்மாவும், படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கையும்தான் வீட்டில். பெண் பார்க்க வந்த அன்று நல்ல பங்குனி வெயில். அம்மா அந்த மாதத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தாள். கோடையில் தங்கையின் நெஞ்சு சுத்தமாக இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலோர நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. வெற்றிலையை வேண்டாம் என்றுவிட்டு மடியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப அமைதியான மனுஷி, நம்ம பிள்ளைக்கு ஏற்ற இடம் என்று அம்மா பூரித்துப்போனாள். கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவரே வைகாசிக்குள் முடித்துவிடலாம், மழை பனி என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றார். கும்பிடப்போன சாமி குறுக்கே வந்த மாதிரி அம்மாவுக்கு.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசையில் அறிவிப்பது. பெரிய பூசையில் தூபம் போடுவார்கள், அந்தப் புகை தங்கைக்கு ஆகாது. ஆகவே மூன்று ஞாயிறும் அவளை விடியற்காலைச் சின்னப் பூசைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவும் நானும் மட்டும் பெரிய பூசைக்குப் போனோம். தடை என்ற வார்த்தையைச் சாமியார் வாசித்தபோது அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வளையல் சதையில் பதிந்தது. கோயிலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

“கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லிருவோம்மா,” என்று திரும்பி வரும்போது சொன்னேன்.

“ஒரு பிள்ளை பெறட்டும். அப்புறம் யாரு என்ன செய்ய முடியும்?” என்றாள்.

அவளை ராட்சசி என்று நினைத்துவிட வேண்டாம். தங்கைக்கு மூச்சு முட்டிய நாட்களில் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நோயை அவள் அளவுக்கு அடையாளம் கண்டவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவள் பயந்தது வேறொன்றுக்கு. எனக்கு அது புரிகிறது, புரிவதால் ஆத்திரம் ஒன்றும் குறையவில்லை.

கல்யாணமாகிப் போன முதல் மாதங்களில் தங்கை சந்தோஷமாகத்தான் இருந்தாள். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். பிரச்சனை குழாய்தான். தோட்டத்து வீட்டில் குழாய் ஏது, தொட்டியில் மொண்டு குளிக்க வேண்டும். அவள் கண்டுபிடித்த இடம் கிணற்றடி மோட்டார் ரூம். விவசாயத்துக்குக் கரண்ட் நாள் முழுக்க வராது, முறை வைத்துத்தான் விடுவார்கள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் உள்ளே போய் நின்றால் எந்தச் சத்தமும் வெளியே வராது. மருந்துப் பம்பை அங்கே ஒரு பழைய பூக்கூடைக்குள் வைத்திருந்தாள்.

“கரண்ட் வந்தாத்தான் எனக்கு மூச்சு வருதுக்கா. மின்வாரியத்துக்கு ஒரு பூசை வைக்கணும்,” என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டு அடுப்படியில், வாயைப் பொத்தாமல். பிறகு இருமினாள்.

முதல் மார்கழி தப்பித்தது. தலைக் கிறிஸ்துமஸ் பெண் வீட்டில்தான் என்பது வழக்கம், அதைச் சாக்கிட்டு அம்மா டிசம்பர் முழுக்க அவளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் பெருநாளுக்கு வந்து தங்கிவிட்டுப் போனார். குழாயைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு அந்த மாதத்தைத் தள்ளினோம். அந்தப் பனி மாதம் முழுக்க அவள் எங்களோடு இருந்தது எனக்கு இன்றைக்கும் நிம்மதியான ஞாபகம். ஆனால் தலைக் கிறிஸ்துமஸ் ஒரு தடவைதானே வரும்.

இரண்டாவது மார்கழியில் கூப்பிட எந்தச் சாக்கும் இல்லை. பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறுகிற மாதம் அது. இருக்கிற கொஞ்சம் பூவையும் விடியும் முன்னே எடுத்தாக வேண்டும், வீட்டில் ஒரு கை குறையக் கூடாது. பம்பு தீர்ந்தால் அவளால் தனியாகக் கடைக்குப் போய் வாங்கவும் முடியாது, நிலக்கோட்டை மருந்துக் கடைக்காரருக்கு அவர்கள் குடும்பத்தையே தெரியும். ஆகவே மாதம் ஒரு ஞாயிறு அம்மா முறுக்குப் பொட்டலத்தோடு போவாள், பொட்டலத்துக்கு அடியில் புதுப் பம்பு இருக்கும். அந்த டிசம்பரில் அம்மாவால் போக முடியவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல், எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வந்து, அம்மாவுக்கு வந்து, பக்கத்துத் தெருவில் இருந்த எனக்கும் என் பிள்ளைக்கும் வந்துவிட்டது. வெந்நீர் வைக்கக்கூட ஆள் இல்லாமல் ஆளுக்கொரு பாயில் கிடந்தோம்.

கொஞ்சம் தேறி நான் அம்மா வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தபோது போன் அடித்தது. அம்மா எடுத்தாள். மறுமுனையில் தங்கை. அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை, அம்மாவின் முகம்தான் தெரிந்தது.

“எப்பருந்துடி?... பம்பு?... ம்.” கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மங்கள வார்த்தை சொல்லு,” என்றாள்.

அந்த நாட்டு மருந்து மணக்கும் அறையில் நான் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றேன். அம்மாவின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. அசைந்து நின்றன. மறுபடி அசைந்து நின்றன. முதல் வரி முடியவே இல்லை. நான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

“மாப்பிள்ளைகிட்ட குடு. நான் சொல்றேன்,” என்றேன்.

“அத்தை... பக்கத்துல... நிக்கிறாக.” அந்தக் குக்கர் விசில் போன் கம்பி வழியாகவே வந்தது. “சளி... தான்க்கா.” யாரோ பக்கத்தில் என்னவோ கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதிலைச் சொன்னாள். போன் வைக்கப்பட்டது.

நான் திருப்பிப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அம்மா அதற்குள் தையல் டப்பாவைக் கொட்டிப் பம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் உடம்போடு. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். நிலக்கோட்டை பஸ் கொடைரோடு வழியாகப் போகிற பஸ். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பெருநாள் சாமான் மூட்டைகளோடு ஆட்கள் ஏறினார்கள். அம்மா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வழியெல்லாம் அவள் ஜெபமும் சொல்லவில்லை.

தோட்டத்து வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் ஓமவல்லிக் கஷாயம், பாதி வற்றி. மாப்பிள்ளையின் தங்கை, அந்த நாத்தனார் பெண் மட்டும் வாசலில் அழுதுகொண்டு நின்றாள். “மதினிக்கு ரொம்ப முடியலன்னு பூ வண்டியில ஏத்திக்கிட்டுத் திண்டுக்கல்லுக்குப் போயிட்டாக,” என்றாள். எங்கள் பஸ்ஸும் அந்த வேனும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். அம்மா பைக்குள் கையை விட்டுப் பம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாங்கள் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். வேனில் இருந்த சாக்கின் ஈரம் அவள் சேலையில் அப்படியே இருந்தது, தலைமுடியில் மல்லிகை மொட்டுகள் இரண்டொன்று ஒட்டியிருந்தன. மாப்பிள்ளை சுவரில் தலையை வைத்து நின்றார். அவர் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் அடித்து அழுகிற ஊரில் அவர் சத்தமே இல்லாமல் அழுதார்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். அம்மாவிடம் வந்து, “இவங்களுக்கு முன்னாடி இழுப்பு இருந்துச்சாம்மா? இவங்க வீட்டுக்காரரைக் கேட்டா சளின்னு மட்டும் சொல்றாரு,” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். வளையல் பதிந்தது.

“சளிதான் டாக்டர். பனி ஆகாது அவளுக்கு,” என்றாள்.

 அடக்கம் முடிந்து வந்த பிறகு கேட்டேன், கத்தியே கேட்டேன். செத்துப்போன பிறகும் எதுக்கும்மா? அவள் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

“உனக்கு ஒரு பொண்ணு வளருது. மறந்துராத,” என்றாள்.

முப்பதாம் நாள் பூசைக்குத் தோட்டத்து வீட்டுக்குப் போனோம். அம்மா வரவில்லை, அவள் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. தை பிறந்தும் பனி விடவில்லை. கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் அவள் போட்டோவுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிச் சாம்பிராணி போட்டு ஜெபமாலை சொன்னார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். பிரார்த்தனையில் எனக்குப் புத்தி போகவில்லை. மங்கள வார்த்தை என்றாலே காது தானாக மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுகிறது, அது அம்மா போட்ட பழக்கம். கூட்டத்தில் ஒரு குரல் நடுவில் ஒடிந்தது. அடுத்த ஜெபத்தில் இன்னும் முன்னாலேயே ஒடிந்தது. அதற்கடுத்ததில் உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. மாமியார். அவர் மெல்ல எழுந்து, இருமிய வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பீரோ ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் எழுந்து போனேன். கதவுக்கு வெளியே நின்றபோதே கேட்டது. அந்தச் சத்தத்தை இந்த உலகத்தில் எந்தக் கதவுக்குப் பின்னால் கேட்டாலும் எனக்குத் தெரியும். தள்ளினேன், தாழ்ப்பாள் சரியாக விழவில்லை.

கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பீரோ திறந்திருந்தது. கையில் இருந்ததைச் சேலை மடிப்புக்குள் தள்ளப் பார்த்தார். நீல நிறம். தையல் டப்பாவில் இருந்ததும் அதே நிறம்தான்.

“சளி... தான்மா,” என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அடிங்க அத்தை. முதல்ல அடிங்க,” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அடித்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை அடித்தார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். விசில் மெல்ல இறங்கியது.

“எத்தன வருசமா இருக்கு?”

“இவன் பொறந்ததுலருந்து. இவுக அப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.”

“அவளுக்கும் இதுதான் அத்தை. சின்னப் பிள்ளைலருந்து,” என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகத்தில் ஒன்று ஒன்றாகப் புரிந்துகொண்டே வந்தது. போன் பேசும்போது பக்கத்தில் நின்றது, கஷாயம் வைத்தது, வேனில் மடியில் கிடத்தியிருந்தது. கையிலிருந்த பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நானும் அந்தச் சத்தத்தக் கேட்டனேம்மா. சந்தேகமாத்தான் இருந்துச்சு. சளின்னாளே. இதக் குடுத்தா எனக்கு இருக்குறது தெரிஞ்சு போகுமேன்னு...” நிறுத்தினார். “ரெண்டு இருந்துச்சும்மா. அன்னைக்கு இந்தப் பீரோவுலயே ரெண்டு இருந்துச்சு.”

  வெளியே ஜெபமாலை முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அவர் திடுக்கிட்டுப் பம்பைச் சேலைகளுக்கு அடியில் செருகிப் பீரோவைப் பூட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடியைத் தடவி ஒரு கிராம்பை எடுத்தார்.

“யார்ட்டயும் சொல்லிராத தாயி. எங்க சின்னவளைப் பொண்ணு பாக்க மாசியில வாரோம்னு செம்பட்டியிலருந்து சொல்லி விட்டிருக்காக,” என்றார்.

கூடத்துக்கு வந்தேன். நாத்தனார் பெண் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிரும்போது லேசாக இருமினாள், வாயைப் பொத்திக்கொண்டு. பனிக்கு எல்லோரும்தான் இருமுகிறார்கள். நான் காதைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. இருமல் முடிந்த பிறகு என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வந்தது.

தங்கையின் வீட்டுக்காரர் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். இம்புட்டு முடியலன்னு சொல்லியிருந்தா தோள்ல போட்டே தூக்கிட்டு ஓடியிருப்பேனே மதினி என்று கல்லறையில் என்னிடம் அழுதவர் அவர். பீரோ ரூம் கதவைப் பார்த்தார்.

“அம்மாவுக்கு என்ன மதினி, உள்ள போயிட்டாக? இருமற மாதிரி கேட்டுச்சே.”

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சளிதான்,” என்றேன்.